நெய் டப்பாவை நீலத் தொட்டியில் போடும் முன்

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் நீல மறுபயனீட்டுத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40% மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது. மிச்ச உணவும் எண்ணெயும் அதற்கு முக்கியக் காரணம். ஒரு ஊறுகாய் பாட்டில் கசிந்தால் போதும், பக்கத்திலுள்ள நாளிதழ்கள் வீண். எண்ணெய் ஊறிய தாளைக் கூழாக்கினால் நார்கள் ஒட்டாது.

நெய், ஊறுகாய் டப்பாவை முதலில் கைதுடைத்த டிஷ்யூவால் வழித்தெடுங்கள். அந்த டிஷ்யூ சாதாரணக் குப்பைக்குத்தான். பிறகு அரை கப் வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மூடி நன்றாகக் குலுக்கி ஊற்றிவிட்டு, கவிழ்த்து உலர விடுங்கள். பளபளப்பு வேண்டாம், விரலில் பிசுக்கு ஒட்டாவிட்டால் போதும். நெய்யை வழிக்காமல் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மடித்து வரும் பழுப்புத் தாளில் பலர் ஏமாறுகிறார்கள். அதன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு! அது நீலத் தொட்டிக்கு ஆகாது. ஸ்டைரோஃபோம் பெட்டி, உடைந்த பீங்கானும் அப்படியே.

இப்படி வீணாவதையும் சேர்த்து எரித்த குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமக்காவ் தீவின் குப்பை நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது கணிப்பு.