நாஞ்சில் நாட்டில் பூட்டனைத் தேடுகிறீர்களா? மாமன் பெயரையும் பாருங்கள்

நாகர்கோவில் பக்கத்தில் பாட்டாவின் அப்பாவைத் தேட ஆரம்பித்தால் முதலில் இடறுவது வருஷக் கணக்கு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள ஆண்டுதான் இருக்கும். ஆங்கில வருஷம் தெரிய, சிங்கம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) பாதி வரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. வீட்டுப் பெரியவர் யாராவது ‘தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப்போ நான் கைக்குழந்தை’ என்று சொன்னால் அது கொல்லம் 1099 கர்க்கடகம் (ஆடி), அதாவது 1924 ஜூலை.

அடுத்தது பத்திரம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் எந்தப் பழைய காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். ஒத்திச் சீட்டாக இருந்தாலும் சரி, அதில் சர்வே எண்ணோ பத்திர எண்ணோ இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். எழுத்து மலையாளமாக இருந்தால் தெளிவாகப் படம் எடுத்து, பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

இங்கேதான் நான் இரண்டு வருஷம் தொலைத்தேன். பத்திரத்தில் முதலில் இருந்த பெயரைப் பூட்டனின் அப்பா என்றே எடுத்துக்கொண்டு, அந்த ஆளுடைய வீட்டையும் ஊரையும் தேடி அலைந்தேன், எதுவுமே பொருந்தவில்லை. அவர் அப்பா இல்லை, தாய்மாமன். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் அப்போது மருமக்கள் வழி. சொத்து மாமனிடமிருந்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும், காரணவர் என்று எழுதியிருந்தால் குடும்பத் தலைவர் என்றுதான் அர்த்தம். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த பங்குக்கு உகந்துடைமை என்று பெயர், அந்தச் சொல்லைக் கண்டால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், அப்பா பிள்ளை உறவு அதில்தான் வெளிவரும்.

கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து இந்த முறை மாறியது. அதற்குப் பிறகு எழுதிய பாகப் பத்திரம் ஒன்று கிடைத்தால் உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். பங்குதாரர் ஒவ்வொருவரையும் இன்னாருக்கு இன்ன உறவு என்று எழுதி, பலவற்றில் வயதும் போட்டிருப்பார்கள். பத்திர வருஷத்திலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த வருஷம் ஏறக்குறைய வந்துவிடும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வழி கொஞ்சம் லேசு, ஊர்ச் சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கேளுங்கள். லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே இங்கே மயிலாடிக்கு வந்தது 1806இல், ஆனால் உங்கள் சபையில் ஏடு எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், நகல் கைக்கு வந்ததும் வீட்டில் ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். என் ஆச்சி பாதியில் நிறுத்தி, “இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாளே, முதப் பிரசவத்துலயே போயிட்டா” என்றாள். எந்தப் பத்திரத்திலும் அந்தப் பெண் இல்லை.