பகல் வெளிச்சமே மூலதனம்: நீலகிரியில் முதல் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தங்கள் முதல் டிஜிட்டல் படத்தை எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். நடுத்தர விலைக் கைப்பேசியே இன்று 4கே தரத்தில் பதிவு செய்கிறது என்பதால், கையில் இருப்பதை வைத்து எடுங்கள் என்பதற்கு மேல் அதற்கு விடை தேவையில்லை. சம்பளம் கேட்காத நண்பர்களையும் இரவல் வாங்கிய கருவிகளையும் நம்பிப் படம் எடுப்பவருக்கு உண்மையில் செலவாவது பகல் வெளிச்சம். டிசம்பரில் இங்கே பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரம். கேத்தி போன்ற பள்ளத்தாக்குகளில் முகடுகள் வெயிலை மறைப்பதால் காலையிலும் மாலையிலும் அதில் ஒரு பங்கு போய்விடும். மூடுபனி இறங்கும் நேரத்தையும் கழித்துக்கொண்டால் எஞ்சுவது சொற்பமே. தொடக்கநிலையினர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சொற்பத்தையும் வீணாக்குபவை.

வீணாவது திரைக்கதை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. 10 நிமிடக் குறும்படத்தில் நாயகன் உதகைப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறான், கேத்தி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறான், கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறான், பைக்காராக் கரையில் அழுகிறான். வரைபடத்தில் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கின்றன. உதகைக்கும் கோத்தகிரிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் அந்தத் தொலைவைக் கடந்து, பொருள்களை இறக்கி, ஸ்டாண்டை நிறுத்தி, நடிகரை மீண்டும் அந்த மனநிலைக்குக் கொண்டுவருவதற்குள் அரை நாள் முடிந்துவிடும். ஒரு வீடு, அதன் முற்றம், அங்கிருந்து தோட்டத்துக்கு இறங்கும் நடைபாதை என்று கால்நடையாகவே சுற்றிவரக்கூடிய எல்லைக்குள் கதையை எழுதுபவர், வேறு எந்தச் சிக்கனத்தாலும் மிச்சப்படுத்த முடியாத அளவுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

இடம் பார்க்கப் போகிறவர்கள், படப்பிடிப்பு நடக்கவிருக்கும் அதே மணிக்குப் போய்ப் பார்ப்பதில்லை. காலை 8 மணிக்குப் பொன்னாக ஒளிர்ந்த சரிவு பிற்பகல் 3 மணிக்கு முழு நிழலில் கிடக்கும். தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு: பச்சைப் பட்டாக விரிந்திருந்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்தால், கவாத்து முடிந்து இலையே இல்லாத பழுப்புக் குச்சிகள் மட்டும் நிற்கக்கூடும். அடுத்த கவாத்து எப்போது என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எவரும் கேட்பதில்லை.

எந்த மாதம் வருவது என்பதிலும் கவனம் வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தை ஜூன் முதல் நனைக்கும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையில் நனையும். எனவே மாவட்டத்தின் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கத்தில் வேலை நடத்த முடியும். மலர்க்காட்சி நடக்கும் மே மாதத்தில் அறை வாடகையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். குறைந்த செலவுப் படத்துக்கு அது உகந்த மாதமே இல்லை.

மூடுபனி இலவசமாகக் கிடைக்கும் அழகு என்று நம்பி, அதை மையமாக வைத்துக் காட்சி எழுதுவோர் உண்டு. முகட்டில் நின்று இருவர் பேசும் 2 நிமிடக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அவனுடைய குளோசப்பை எடுக்கும்போது பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக மூடிக்கிடக்கிறது. கேமராவைத் திருப்பி அவளுடைய பக்கத்தை அமைத்து முடிப்பதற்குள் வெயில் அடிக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் இருவரும் வெவ்வேறு நாள்களில் நின்று தனக்குத்தானே பேசுவது போலிருக்கும்; பின்னர் நிறம் திருத்தும் கலரிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஆறுதல் இங்கே உதவாது. வானிலையைக் காட்டும் வைட் ஷாட்டை முதலில் எடுத்துவிடுவதே முறை. குளோசப்புகளைப் பிறகு, வானமும் தொலைவிலுள்ள மலையும் தெரியாதபடி, தேயிலைச் சரிவையோ கற்பூர மரத்தையோ பின்னணியாக வைத்து எடுக்கலாம். வெயில் வந்துவிட்டால் முகத்துக்கு மேலே இருவர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் ஒளி மீண்டும் மென்மையாகிவிடும்.

மூடுபனியில் கேமராவின் தானியங்கி வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறும். ஒளி அளவீடு எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுவதால், வெண்பனி அழுக்குச் சாம்பலாகி முகம் கறுத்துப்போகும். ஒளியின் அளவை அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது) கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாறுபாடு குறைந்த காட்சியில் பிடிமானம் கிடைக்காமல் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்பாடான ஒயிட் பேலன்ஸைத் தானாக விட்டுவிட்டால் ஒரே டேக்கின் நடுவிலேயே நிறம் நீலத்துக்கு நழுவும். 5,600 கெல்வின் போல ஓர் அளவில் பூட்டிவிடுவது நல்லது. வீட்டுக்குள் எடுக்கும்போது மலிவான எல்.இ.டி. விளக்குகள் திரையில் பட்டை பட்டையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேம், 1/50 நொடி ஷட்டர் என்று வைத்தால் பெரும்பாலும் அது நின்றுவிடும். வெளியே வெயிலில் அதே ஷட்டரைத் தக்கவைக்க, ஒளியைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர் வேண்டும்; கைப்பேசிக்கும் அது கிடைக்கிறது.

என்னைக் கேட்டால், புதியவர்களின் படங்களைக் கெடுப்பதில் ஒளிப்பதிவுக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் ஒலிக்கு. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியையாவது மைக்குக்கு மாற்றுவது அறிவுடைமை. கைப்பேசியின் உள் மைக், முகட்டுக் காற்றில் இரைச்சலைத் தவிர வேறெதையும் பதிவு செய்யாது. சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கை வாங்கியவர்களும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: குளிருக்காக நடிகர் போட்டிருக்கும் ஜெர்கினின் ஜிப்பிலேயே மைக்கைக் குத்திவிடுகிறார்கள். அவர் கையை அசைக்கும்போதெல்லாம் நைலான் துணி உரசும் சரசரப்பு வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பின்னர் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நைலானுக்குப் பதிலாகக் கம்பளி ஸ்வெட்டர் போடச் சொல்லி, மைக்கை உட்சட்டையில் டேப்பால் ஒட்டி, அதன் கீழே ஒயரை ஒரு வளையமாகச் சுற்றி இழுவையைக் குறைத்தால் சரசரப்பு பெருமளவு அடங்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். அவர் “இன்னொரு டேக்” என்றால் இயக்குநர் மறுக்கக் கூடாது.

மலை அமைதியானது என்ற எண்ணமும் கேமராவை இயக்கிய பிறகுதான் கலைகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துகள் அடிக்கும் ஹாரன், இலை பறிக்கும் இயந்திரம், தேயிலைத் தொழிற்சாலையின் தொடர் இரைச்சல், காட்டெருமைகளை விரட்ட எங்கோ வெடிக்கும் பட்டாசு, எதிர்ச்சரிவிலுள்ள ஹட்டியில் (படுகர் ஊரில்) விழா என்றால் ஒலிபெருக்கி: எல்லாமே பள்ளத்தாக்கைக் கடந்து தெளிவாக வந்துசேரும். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துவிட்டால் வசனக் காட்சியை நிறுத்திவிட்டு, வசனமில்லாத ஷாட்டுகளை எடுப்பதே வழி. அத்தகைய ஷாட்டுகளின் பட்டியல் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் விட்டுக் கிளம்புமுன் எல்லோரும் பேசாமல் நிற்க, அந்த இடத்தின் வெற்றொலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால் எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையிலான ஓட்டைகளை அடைக்க அது உதவும். எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள், நடிப்பில் பழக்கமில்லாத உள்ளூர்க்காரர் ஒருவர் தன் உதட்டசைவுக்கே ஒத்துப் பேசத் திணறுவதை ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் பார்க்க நேரும்.

பேச்சு வழக்கிலும் புதியவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். படுகர்கள் வீட்டில் பேசுவது படுகு. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழுக்குத் தனி வாடை உண்டு. கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்து வரும். இவர்கள் அனைவரையும் சென்னைத் தமிழ் பேச வைத்துவிட்டு, படம் நீலகிரியில் நடக்கிறது என்பதை ஒரு மலைக்காட்சியால் மட்டும் நிறுவ முடியாது. அதைவிட மோசமானது, தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளை அலங்கார செட்டாக நினைத்து அனுமதியின்றி நுழைவதும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய பூத்தையல் சால்வையைக் கதைக்குத் தொடர்பின்றி யாருக்கோ போர்த்திவிடுவதும். மந்தில் உள்ள பெரியவர்களிடம் முதலில் பேசி, கோயிலை நெருங்கலாமா கூடாதா என்பதை அவர்கள் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதி விஷயத்தில் “சின்ன கேமராதானே” என்ற துணிச்சல் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். முதுமலையிலும் மற்ற வனப்பகுதிகளிலும் வனத்துறையின் அனுமதியின்றிப் படம் எடுக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதில் கண்டிப்பானது. மலை ரயிலிலும் நிலையங்களிலும் எடுப்பதற்கு ரயில்வேயிடம் விண்ணப்பிக்க வேண்டும். 250 கிராமுக்குள் உள்ள டிரோனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்று 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளில் படித்துவிட்டு, அதை எங்கும் பறக்கவிடலாம் என்று எண்ணுவோர், வெலிங்டனில் இராணுவக் குடியிருப்பும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் எஸ்டேட்டுகளில் கடிதத்துக்கு விடை வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடக்கூடும் என்பதால், சிறு விவசாயி ஒருவரின் அரை ஏக்கர்த் தோட்டத்தைக் கேட்டுப் பெறுவது எளிது. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உள்ளது. இரண்டையும் சோதனைச் சாவடியில் வந்து தெரிந்துகொள்ளும் குழு, காலை வெளிச்சத்தை அங்கேயே இழக்கும். மாலை மங்கியபின் தோட்டங்களுக்குள் நிற்பதையும் தவிருங்கள். கோத்தகிரிப் பக்கத்தில் கரடியும் காட்டெருமையும் அந்நேரத்தில் சாதாரணமாக வந்துபோகின்றன.

குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும் என்பதால் உதிரிப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் உடல் சூட்டில் வைத்திருப்பது வழக்கம். உறைபனிக் காலையில் வெளியே எடுத்துவிட்டு, அடுப்பெரியும் சமையலறைக்குள் கேமராவை நேராகக் கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். அரை மணி நேரம் மூடிய பையிலேயே வைத்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைப்பூச்சிகளுக்கு உப்புப் பொட்டலம் போதும், அலறல் தேவையில்லை.

பதிவானதைப் பாதுகாப்பதில் கணக்குப் போட்டு இறங்க வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு ஒன்றில் 3 மணி நேரம்கூடக் கொள்ளாது. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். அந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் ஒரே ஜீப்பில் பயணிக்கக் கூடாது. கைப்பேசிகள் பல பிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்குவதால், தனியாகப் பதிவு செய்த ஒலி சில நிமிடங்களில் உதட்டை விட்டு விலகிப்போகும். வேகத்தை நிலையாகப் பூட்டும் செயலியில் எடுப்பதும் ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் தட்டுவதும் இதைத் தவிர்க்கும்.

கடைசி ஷாட் முடிந்த கையோடு குழுவைக் கலைத்து மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. அன்றிரவே காட்சிகளைத் தோராயமாக வரிசைப்படுத்திப் பார்த்தால் விட்டுப்போனவை தெரியும்: அவள் கடிதத்தை எங்கே வைத்தாள் என்று காட்டும் ஷாட், கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பார்வை, இரண்டு வசனங்களுக்கு நடுவே ஒட்டுவதற்கு எதுவுமில்லாத ஓர் இடைவெளி. மறுநாள் காலையை இதற்கென்று முன்பே காலியாக வைத்திருக்க வேண்டும். அந்தக் காலையில் வானிலை ஒத்துவரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே விட்டுப்போனவற்றில் வானம் தெரியாதவற்றை முதலில் எடுத்து முடித்துவிட்டு, வானம் தெரிபவற்றுக்கு மேகம் ஒத்துழைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.