அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டண்ட் வேலைக்குப் போவது எப்படி?

கிளினிக்கில் டாக்டர் வருவதற்கு முன் நம்மை உள்ளே கூப்பிட்டு, எடை பார்த்து, பி.பி. எடுத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாரே, அவர்தான் மெடிக்கல் அசிஸ்டண்ட். நர்ஸ் அல்ல. ஃபிசிஷியன் அசிஸ்டண்டும் அல்ல; அது முதுநிலைப் பட்டம் வேண்டிய வேலை. பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன். வேலை அனுமதி, ஊரில் படித்த சான்றிதழின் மதிப்பீடு எல்லாம் உங்கள் கையில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் எந்தப் பரீட்சை என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் பள்ளி

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் "தேசியச் சான்றிதழ் கிடைக்கும்" என்றார்கள், முன்பணம் கட்டிவிட்டேன். எந்தச் சான்றிதழ் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதிகம் அடிபடுகிற பெயர்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் மெடிக்கல் அசிஸ்டண்ட்ஸ் தரும் சி.எம்.ஏ.: 200 கேள்விகள், 40 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். இன்னொன்று, நேஷனல் ஹெல்த்கரியர் அசோசியேஷன் தரும் சி.சி.எம்.ஏ.: 180 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 150 கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். சி.எம்.ஏ. எழுத வழக்கமான வழி, சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. அல்லது ஏ.பி.ஹெச்.இ.எஸ். என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடிப்பது. நான் சேர்ந்த பள்ளிக்கு இரண்டின் அங்கீகாரமும் இல்லை. முன்பணம் போனது போனதுதான். அங்கீகாரத்தைப் பள்ளியின் விளம்பரத்தாளில் பார்க்காதீர்கள். அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்திலேயே அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள்.

பிறகு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். என்னைக் கேட்டால் அதுதான் சரி. முழுக்க முழுக்க ஆன்லைன் படிப்பு வேண்டவே வேண்டாம். ஊசி போடுவதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வாஷிங்டனில் மாநிலச் சுகாதாரத் துறையின் அனுமதிச் சான்று கட்டாயம். கலிஃபோர்னியாவில் தேசியச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் தனித்தனியே 10 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. நீங்கள் வேலை பார்க்க விரும்பும் கிளினிக்குகளின் விளம்பரம் பத்தைப் படித்தாலே எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு என்று புரிந்துவிடும்.

படி 2: காகிதங்கள்

படிப்பின் முடிவில் கிளினிக்கில் சம்பளமில்லாப் பயிற்சி உண்டு. சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. படிப்புகளில் குறைந்தது 160 மணி நேரம். அதற்கு முன் தடுப்பூசி விவரம், டி.பி. பரிசோதனை, பி.எல்.எஸ். (சி.பி.ஆர். போன்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை எல்லாம் கேட்பார்கள். பி.எல்.எஸ். வகுப்பை நேரில் போய்ச் செய்யுங்கள். ஆன்லைனில் மட்டும் முடித்த அட்டையைப் பல இடங்களில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் டி.பி. தோல் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்து பதறிப்போய் எழுதியிருந்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனாலும் தோல் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. ஆரம்பத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: கையால் பி.பி. எடுப்பது

என்னை அழ வைத்தது இதுதான். மெஷின் இருக்கும்போது கையால் எதற்கு என்று நினைத்தேன். மெஷின் காட்டும் எண் சந்தேகமாக இருந்தால் டாக்டர் கையால்தான் எடுக்கச் சொல்வார். இரண்டு வாரம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொல்லி 120/80 என்று எழுதியதும் உண்டு. ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார்; வகுப்பில் பாதிப் பேருக்கு அதே எண்தானாம்!

தவறு காதில் இல்லை, ஸ்டெதஸ்கோப்பில். காதில் வைக்கும் முனைகள் மூக்கு இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். நான் திருப்பி மாட்டியிருந்தேன். இருபக்கத் தலை உள்ள ஸ்டெதஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். விரலால் மெதுவாகத் தட்டி எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. நோயாளி 5 நிமிடம் சும்மா உட்காரட்டும்: முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதயத்தின் மட்டத்தில், பேச்சு இல்லாமல். காற்று ஏற்றும் பட்டையை ஸ்வெட்டர் மேலேயே சுற்றாதீர்கள். பட்டை சிறிதாக இருந்தால் எண் கூடுதலாக வரும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் எண்ணை மனதில் வையுங்கள். காற்றை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை மறுபடி ஏற்றுங்கள். ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் நடுவில் வைக்காமல், சுண்டுவிரல் பக்கமாகத் துடிப்பு தெரியும் இடத்தில் வையுங்கள். காற்றுப் பம்பில் உள்ள திருகை மெல்லத் திறந்து, வினாடிக்கு 2 என்ற வேகத்தில் இறக்குங்கள். முதல் டொக் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். சத்தம் வருமுன்பே முள் துள்ளும். அதை நம்பி எழுதாதீர்கள்.

ஒரே தலையில் இரண்டு பேர் கேட்கும் இரட்டைக் குழாய் ஸ்டெதஸ்கோப் காலேஜில் இருந்தால் விடாதீர்கள். ஆசிரியர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். சொந்தமாக வாங்க லிட்மன் கிளாசிக் போதும். அதற்கு மேல் விலை கொடுப்பது வீண்.

படி 4: ரத்தம் எடுப்பது

கை பழகிவிடும். ரத்தம் பிடிக்கும் குழாய்களின் வரிசையைத்தான் மறக்கக் கூடாது, மூடியின் நிறப்படி: வெளிர் நீலம், தங்க நிறம், பச்சை, ஊதா, சாம்பல். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. அடுத்த குழாயில் ஒட்டினால் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும். ஒன்றுமில்லாதவருக்கு வைத்தியம் ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: வேலையும் அதற்கு மேலும்

பயிற்சிக்குப் போகும் இடமே உங்கள் இன்டர்வியூ. எனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. 2023 மே மாத அரசுக் கணக்குப்படி இந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 42,000 டாலர். ஓரிரு வருடம் கழிந்ததும் ஈ.கே.ஜி. (நம் ஊரில் ஈ.சி.ஜி.), ரத்தம் எடுப்பது ஆகியவற்றில் தனிச் சான்றிதழ் எடுத்தால் ஸ்பெஷாலிட்டி கிளினிக்குகளில் இடம் கிடைக்கும். அங்கிருந்து லீட் மெடிக்கல் அசிஸ்டண்ட், கிளினிக் மேனேஜர். நர்ஸிங் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பாடங்களில் எவை அங்கே செல்லும் என்று சேரும் முன்பே கேளுங்கள், எல்லாம் செல்லாது.

ஒன்றில் மட்டும் வாயைக் கட்டுங்கள். லேப் ரிசல்ட் உங்கள் திரையில் தெரியும். "நார்மல்தானே?" என்று நோயாளி கேட்பார். நம் ஆள் தமிழிலேயே கேட்பார். "டாக்டர் சொல்வார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

சி.எம்.ஏ.வை 60 மாதத்துக்கு ஒருமுறை தொடர்கல்விக்கான 60 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், சி.சி.எம்.ஏ.வுக்கு இரண்டு வருடத்தில் 10. நான் கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் 22 புள்ளி சேர்த்தேன். நீங்கள் மாதம் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.