அது மூட்டைப்பூச்சிதானா? முதலில் பிடித்துப் பாருங்கள்

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. பக்கம் பக்கமாக செல்லோடேப், ஒவ்வொரு டேப்புக்கு அடியிலும் ஒரு பூச்சி. 14 வருடமாக வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் வேலை பார்க்கிறேன். யார் “மூட்டைப்பூச்சி” என்று கூப்பிட்டாலும், அந்தப் பூச்சியை டேப்பில் ஒட்டி நோட்டில் வைத்துவிட்டுத்தான் மருந்து டப்பாவைத் திறப்பேன். நோட்டைப் புரட்டினால் மூட்டைப்பூச்சி அல்லாத பக்கங்கள்தான் அதிகம்.

இந்தப் பழக்கம் வந்ததே நான் செய்த ஒரு தவறால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீடு. குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. கட்டில் ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று ஓடியது. மூட்டைப்பூச்சிதான் என்று நானே முடிவு கட்டி அறை முழுக்க மருந்து அடித்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி அடித்தேன். மூன்றாம் முறை போனபோதுதான் அலமாரியில் மடித்து வைத்திருந்த கம்பளியை உதறிப் பார்த்தேன். உள்ளிருந்து முடி முடியாகச் சின்னச் சின்னப் புழுத் தோல்கள் கொட்டின. அது கம்பளித் துணியைத் தின்னும் கம்பளி வண்டின் புழு. அது கடிக்கவே கடிக்காது. அதன் முடி தோலில் பட்டு ஒவ்வாமை வந்தால் கடித்தது போலவே தடிக்கும். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் முதல் பாடம்: கடித்த தடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். “வரிசையாக மூன்று தடம் இருந்தால் மூட்டைப்பூச்சி” என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொசுவும் தெள்ளுப்பூச்சியும் கூட அப்படிக் கடிக்கும். ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கும், இன்னொருவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. உடனே “உனக்குத்தான் பிரமை” என்று சண்டை வேறு. இரண்டு பேரையும் கடித்திருக்கும். ஒருவர் தோலில் மட்டும் அது தெரியவில்லை. சிலருக்குக் கடித்த தடம் தெரியவே சில நாள் ஆகும்.

சரி, பூச்சியை எப்படிப் பிடிப்பது? நசுக்காதீர்கள், நசுங்கிய பூச்சியை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அகலமான செல்லோடேப்பை அதன் மேல் மெல்ல ஒற்றி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். தேட வேண்டியது மெத்தையின் தையல் மடிப்பு, ஓரப் பட்டி, கட்டில் சட்டம் சேரும் மூலை, திருகு ஆணி இறங்கிய ஓட்டை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மடிப்புக்குள் இருப்பது நிழல் விழுந்து தெரியும்.

இப்போது அசல் மூட்டைப்பூச்சி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நக அகலத்தில் ஏறக்குறைய பாதி. நீள்வட்டம், செம்பழுப்பு. பசியோடு இருக்கும்போது மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாக இருக்கும். ஒரு காகித அட்டை நுழையும் இடுக்கில் அது நுழைந்துவிடும். ரத்தம் குடித்ததும் ஆளே மாறிவிடும்: நீண்டு, உருண்டு, கருஞ்சிவப்பாக ஆகிவிடும். “இரண்டு வகைப் பூச்சி இருக்கிறது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பசித்ததையும் குடித்ததையும்தான் பார்த்திருப்பார்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வைக்கோல் நிறத்தில் உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும். குடித்த குஞ்சின் வயிற்றில் சிவப்புச் சொட்டு ஒன்று தனியாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

ஆறு கால், நான்கு கணு கொண்ட குட்டை மீசை. பறக்காது, குதிக்காது, நடக்கத்தான் செய்யும்.

போனில் கூப்பிடுபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது: “முதுகின் நடுவில், மேலிருந்து கீழாக நேர்கோடு இருக்கிறதா?” இருந்தால் பெரும்பாலும் அது வண்டு. வண்டின் கெட்டியான இரண்டு இறக்கை ஓடுகள் நடுவில் வந்து சேரும் இடம்தான் அந்தக் கோடு. மூட்டைப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. தலைக்குப் பின்னால் இரண்டு சின்னத் துண்டு மட்டும் இருக்கும். அதற்குக் கீழே வயிறு முழுக்கக் குறுக்குக் கோடுகள். நேர்கோடா, குறுக்குக் கோடா? பாதிச் சந்தேகம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

கம்பளி வண்டு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். உருண்டை முதுகு, பல வகைகளில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பறக்கும், வெளிச்சத்தைத் தேடிப் போகும். அதனால் ஜன்னல் கட்டையில் செத்துக் கிடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள். மூட்டைப்பூச்சி வெளிச்சத்தைக் கண்டால் இடுக்கைத் தேடி ஓடும்.

இன்னொரு வண்டு என்னையே ஏமாற்றியிருக்கிறது. சிலந்தி வண்டு என்பார்கள். உருண்டு திரண்டு, பளபளவென்று, செம்பழுப்பாக, அப்போதுதான் வயிறு நிறையக் குடித்த மூட்டைப்பூச்சி போலவே இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். இது கெட்டியாக இருந்து ‘டக்’கென்று உடையும். குடித்த மூட்டைப்பூச்சியோ மெத்தென்று நசுங்கி ரத்தம் கக்கும். (நசுக்காதே என்று சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். இரண்டு பூச்சி கிடைத்தால் ஒன்றை மட்டும்.)

ஆனால் என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது கரப்பான் குஞ்சு. அளவும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்பைப் பார்க்காமல் இரண்டு முனையையும் பாருங்கள். முன்னால் உடம்பு நீளத்துக்கு ஆடும் மெல்லிய மீசை, பின்னால் இரண்டு குட்டி வால். மூட்டைப்பூச்சிக்கு இரண்டுமே இல்லை. டார்ச் அடித்ததும் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியிருந்தால் அதுவும் கரப்பான் பக்கம்தான் பேசும். இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கரப்பானுக்கு வைக்கும் விஷ ஜெல், வைத்த இரையைத் தின்னும் பூச்சிக்கானது. மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் தொடாது. கட்டிலைச் சுற்றி எத்தனை ஜெல் வைத்தாலும் அது அதைத் தாண்டி நடந்து வந்து உங்களைத்தான் கடிக்கும்.

மற்றவை சுருக்கமாக. தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் ஒட்டிப்போயிருக்கும், தொட்டால் குதிக்கும். உண்ணிக்கு எட்டுக் கால். அதன் குஞ்சுக்கு ஆறுதான், ஆனால் எந்த வயதிலும் மீசை கிடையாது. பேன் முடியைப் பிடித்துத் தொங்கும் ஜீவன், தலையை விட்டால் ஓரிரு நாளில் செத்துவிடும். மெத்தையில் குடும்பம் நடத்தாது. பழைய புத்தகத்திலும் ஈரச் சுவரிலும் ஓடும் வெளிறிய புத்தகப் பேன் தின்பது பூஞ்சணத்தை. மூட்டைப்பூச்சிக் குஞ்சு மாதிரியே இருந்தாலும் தலை பெரிது, மீசை நீளம், வயிற்றில் சிவப்பு இருக்கவே இருக்காது. ஜன்னலில் புறா கூடு கட்டியிருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பறவை உண்ணி உள்ளே வந்து கடிக்கும். மெத்தையை விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள்.

பூச்சியே கிடைக்கவில்லையா? தடயத்தைப் பாருங்கள். மூட்டைப்பூச்சியின் எச்சம் துணியில் மை சொட்டியது போலக் கறுப்புப் புள்ளியாக ஊறியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் துருவேறிய நிறத்தில் இழுபடும். கரப்பானின் எச்சம் பொடியாக உதிரும். அப்புறம் உரித்த தோல். வளர்வதற்குள் மூட்டைப்பூச்சி ஐந்து முறை தோல் உரிக்கும்; தோல் அச்சு அசலாகப் பூச்சியின் வடிவத்தில், வெறுமையாக இருக்கும். தோலில் முடி அடர்ந்திருந்தால் அது கம்பளி வண்டுப் புழு. முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளை. ஊதினால் பறக்காது, ஒட்டியிருக்கும்.

கடைசியாக, கண்ணுக்குப் பிடிபடாத ஒன்று. ஒரு வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது: குறுக்குக் கோடு, குட்டை மீசை, ரத்தம். மருந்துக்கு அடங்கவில்லை. மெத்தையைவிடக் கூரையை ஒட்டிய சுவரில்தான் அதிகம் கிடைத்தது. கூரைக்கு மேலே வௌவால்கள். அது வௌவால் மூட்டைப்பூச்சி. வௌவால் போய்விட்டால் பசியில் இறங்கி வந்து மனிதரைக் கடிக்கும். தலைக்குப் பின்னால் இருக்கும் கழுத்துப் பட்டையின் ஓரத்து முடி கண்ணின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் அது இந்த வகை. சாதாரண மூட்டைப்பூச்சிக்குக் குட்டை. நல்ல லென்ஸ் இல்லாமல் இது தெரியாது. லென்ஸ் இல்லாதவர்கள் பூச்சி கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள்: கட்டில் பக்கமா, கூரைப் பக்கமா என்று.

யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்பதானால் டேப்பில் ஒட்டிய பூச்சியின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். போன வாரம் ஒருவர் எனக்குப் பதினேழு படம் அனுப்பினார். பதினேழும் அவர் முழங்கை. பூச்சி ஒன்றுகூட இல்லை.