அறக்கட்டளை நிதியுதவியில் நலன் முரணைக் கையாளும் முறை

நிதியுதவி கேட்டு வந்த விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் அறங்காவலருக்கோ, அவருடைய குடும்பத்தாருக்கோ அந்த விண்ணப்பத்தில் தனிப்பட்ட நலன் இருந்தால் அதை நலன் முரண் என்கிறோம். பொதுப்பணியில் ஈடுபடுவோர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அமைப்புகளில் பொறுப்பு வகிப்பது வழக்கம் என்பதால், இப்படியொரு நிலை வந்துவிட்டதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. தெரிந்தும் சொல்லாமல் வாக்களிப்பதும், சொன்னதை எழுதி வைக்காமல் விடுவதும்தான் அமைப்பின் பெயரைக் கெடுக்கின்றன.

எனவே முதலில் கொள்கையை எழுத்தில் வையுங்கள். அதில் மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி, ‘தொடர்புடையவர்’ யார் என்ற வரையறை. சட்டங்கள் இதில் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் 1969 வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே தனியார் அறக்கட்டளைகளுக்கு வந்த விதிகளில், உடன்பிறந்தார் குடும்பத்தினராகக் கருதப்படுவதில்லை. இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டமோ உடன்பிறந்தாரையும், வாழ்க்கைத்துணையின் உடன்பிறந்தாரையும் உறவினராகவே கொண்டது. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எதுவாயினும், கொள்கையை அதைவிடச் சற்று அகலமாக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. தொழில் கூட்டாளிகள், கடன் கொடுத்தவர்கள், பெருந்தொகை நன்கொடை தந்தவர்கள் ஆகியோரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

‘நியாயமான விலைக்குத்தானே கொடுத்தேன்’ என்ற வாதம் எல்லா இடத்திலும் எடுபடாது. மேற்சொன்ன அமெரிக்க விதிகளின்படி, தனியார் அறக்கட்டளைக்கு அதன் அறங்காவலர் தம் நிலத்தைச் சந்தை விலைக்கும் குறைவாக விற்றால்கூட அது தடைசெய்யப்பட்ட சுயஆதாயப் பரிவர்த்தனையே ஆகும். அதற்குச் சம்பந்தப்பட்ட தொகையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரியும், உரிய காலத்தில் சரிசெய்யாவிட்டால் 200 விழுக்காடு வரியும் விற்றவர் மீதே விழும்.

ஒவ்வோர் அறங்காவலரும், தேர்வுக் குழு உறுப்பினரும், நிதியுதவிப் பிரிவின் ஊழியரும் தமக்குள்ள தொடர்புகளை ஆண்டுதோறும் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். தொடர்பு ஏதும் இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று எழுதித் தர வேண்டும். வெற்றுப் படிவத்தை ஏற்காதீர்கள். இடையில் புதுத் தொடர்பு ஏற்பட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

இவையெல்லாம் உண்மையில் சோதிக்கப்படும் இடம் கூட்ட அறை. தொடர்புடையவர் வாக்களிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, விவாதம் முடியும்வரை அவர் வெளியே இருக்க வேண்டும். அவர் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தாலும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தின் குறையைச் சொல்ல மற்றவர்கள் தயங்குவார்கள். கூட்டத்துக்கு முன்பு அவர் சக உறுப்பினர்களிடம் தொலைபேசியில் பரிந்துரைப்பதையும் கொள்கை தடுக்க வேண்டும்.

பல அமைப்புகளின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘விண்ணப்பம் விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கும். ஐந்தாண்டு கழித்துப் படிக்கும் தணிக்கையாளருக்கு அது எதையும் சொல்லாது. இப்படி எழுதுங்கள்: ‘விண்ணப்ப எண் 14 எடுத்துக்கொள்ளப்பட்டது. விண்ணப்பித்த அமைப்பின் செயலாளர் தம் மைத்துனர் எனப் பொருளாளர் தெரிவித்து, மாலை 4.10 மணிக்கு அறையை விட்டு வெளியேறினார். அவரைச் சேர்க்காமலே 6 பேர் இருந்ததால், விதிப்படி தேவையான 5 பேர் என்ற எண்ணிக்கை நிறைவடைந்தது. இதே பணிக்கு வந்த மற்ற இரு விண்ணப்பங்களும் ஒப்பிடப்பட்டன. ஐவர் ஆதரித்தனர், ஒருவர் எதிர்த்தார். பொருளாளர் 4.35 மணிக்குத் திரும்பினார்.’ இதைக் கூட்டம் முடிந்த அன்றே எழுதிவிடுவது மிக முக்கியம். நினைவிலிருந்து பிறகு எழுதும் குறிப்பில் நேரமும் எண்ணிக்கையும்தான் முதலில் பிசகும்.

பணம் கொடுத்த பிறகும் இதே கவனம் வேண்டும். விலகி நின்ற அறங்காவலரை அதே பணியைக் கண்காணிக்க அனுப்பக் கூடாது. பெறும் அமைப்பின் பதிவுச் சான்றையும், வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருப்பதையும் சரிபார்த்து, நோக்கம், காலக்கெடு, தனிக் கணக்கு, செலவாகாத தொகையைத் திருப்பித் தருதல் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி, தவணையாகக் கொடுங்கள். நலன் முரண் அவர்கள் பக்கத்திலும் எழக்கூடும்: உங்கள் பணத்தில் வாங்கும் கணினிகள் அந்த அமைப்பின் தலைவருடைய மகன் நடத்தும் கடையிலிருந்து வரலாம். ஆகவே, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளிகளையும், விற்பவருடன் உறவில்லை என்ற உறுதிமொழியையும் கேளுங்கள்.

மறைக்கப்பட்ட தொடர்பு பின்னர் தெரியவந்தால், அடுத்த தவணையை நிறுத்திவைத்து, சம்பந்தப்பட்டவரிடம் எழுத்து விளக்கம் பெற்று, தொடர்பில்லாத உறுப்பினர்கள் மட்டும் கூடி விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதா என்பதை அப்போதே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய குறிப்பை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டு, புதிய முடிவைப் புதிய தேதியிட்டு அதற்கடுத்துப் பதிவு செய்யுங்கள்.