பாவித்த ஜீப் வாங்கியவர்களுக்கு: முதல் மாதப் பராமரிப்பு, படிப்படியாக

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்த பிராடோ, மொன்டெரோ போன்ற ஜீப்புகள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் டீசல் இல்லாமல் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றவையும் அவற்றில் உண்டு. இன்றைக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவர் பாவித்த ஜீப் வாங்கினால், பெரும்பாலும் இப்படியொரு காலத்தைக் கடந்து வந்த வாகனத்தைத்தான் வாங்குகிறார்.

நான் வாங்கியது 2011ஆம் ஆண்டுப் பிராடோ, 3.0 லீற்றர் டீசல். கொழும்பில் காசைக் கொடுத்து, கண்டி வழியாகக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் போன வருடம்தான் மாற்றியது என்று விற்றவர் சொல்லியிருந்தார். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் மெக்கானிக் பாஸ் மூடியைக் கழற்றியபோது பெல்ட்டின் ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. "தம்பி, இத மாத்தாம வண்டிய வெளிய எடுக்கப்படா, மறுகா எஞ்சினே போயிரும்" என்றார். அந்தப் பெல்ட்டோடுதான் மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவையும் இறங்கி வந்திருக்கிறோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அன்றிலிருந்து ஜீப் வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பில் கையில் இல்லாத எந்த வேலையையும் நடக்காத வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாகனம் உங்கள் வீட்டுக்கு வந்த நாள்தான் அதன் முதல் சேர்விஸ் நாள்.

படி 1: காசு முழுவதையும் வாங்குவதிலேயே போட்டுவிடாதீர்கள்

வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக வையுங்கள். ரேஞ்ச் ரோவர், பிஎம்டபிள்யூ, பென்ஸ் என்றால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். பழைய ஐரோப்பிய ஜீப்புகளில் காற்றில் நிற்கும் சஸ்பென்ஷனும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களும் வயதானதும் கைவிடும். ஜப்பான் வாகனத்தில் கைவைக்க நம் ஊர்களில் நல்ல பாஸ்மார் இருக்கிறார்கள். ஐரோப்பிய வாகனத்துக்கு ஒரு சின்ன சென்சருக்குக்கூடக் கொழும்புக்கு ஏற வேண்டி வரலாம். அந்தப் போக்குவரத்தையும் செலவில் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

படி 2: பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் அடித்திருப்பவையோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பெயர் மாற்றத்தையும் காப்புறுதியையும் தள்ளிப்போட வேண்டாம். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். டீசல் ஜீப் அதில் தவறினால் அதுவே இன்ஜெக்டரையோ எயார் ஃபில்டரையோ பார்க்கச் சொல்லும் செய்தி.

படி 3: காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள்

ஒரு இரவு முழுவதும் நின்ற பிறகு, விடியற்காலையில் செய்யுங்கள். முதலில் பொனட்டைத் திறந்து கூலன்ட் போத்தலில் அளவைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலும், ஓயில் மூடியின் உட்புறம் பால் போல வெள்ளைப் படிவு இருந்தாலும் அன்றைக்கே கராஜுக்குப் போங்கள்.

பிறகு சாவியைத் திருப்புங்கள். டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாத விளக்கை யாரோ கழற்றியிருக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் அளந்தால் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓடாமல் ஆறிய பற்றரி 12.6 அளவில் இருந்தால் நல்லது.

அப்புறம் ஒரு ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியைச் செருகினால், பழைய கோளாறுகள் ஒவ்வொன்றாக வரும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். அழித்த பின்னும் திரும்பி வருபவைதான் இப்போதைய கோளாறுகள்.

படி 4: எல்லா ஓயிலையும் மாற்றுங்கள்

புதிதாக வாங்கியவர்கள் எஞ்சின் ஓயிலை மட்டும் மாற்றிவிட்டு சேர்விஸ் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பில் அது பாதி வேலைகூட இல்லை. எஞ்சினுக்குப் பிறகு கியர் பெட்டி இருக்கிறது, அதற்குப் பின்னால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, பிறகு அதை இடம் வலம் சில்லுகளுக்குப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். ஒவ்வொன்றிலும் தனித்தனி எண்ணெய். இவற்றோடு பிரேக் ஓயில், பவர் ஸ்டியரிங் ஓயில், கூலன்ட்.

என் 3.0 லீற்றர் எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 7 லீற்றர் எஞ்சின் ஓயில் குடிக்கும். உங்களுடையதற்கு எந்தத் தரம், எவ்வளவு என்று வாகனக் கைநூலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஊற்றிய பிறகு சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகி எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. மேல் கோட்டையும் தாண்ட விடாதீர்கள், கூடினாலும் கெடுதிதான்.

பிரேக் ஓயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீர் சேர்ந்த பிரேக் ஓயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, மிதியைக் காலுக்குக் கீழே பஞ்சாக்கிவிடும். பதுளைக்கோ கண்டிக்கோ போகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருக்காமல் கியரைக் குறைத்து இறங்கினால் பிரேக் அவ்வளவாகச் சூடேறாது.

கூலன்ட் விடயத்தில் நம் கரையோரத்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. அந்த உப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு குழாயை அடைக்கும். கூலன்ட்டைக் கலக்கக் காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரைத் திறந்துவிடவும் பழகுங்கள். மழைக்காலத்தில் இது நிறைய உதவும். டீசலிலும் கவனம் வேண்டும். யூரோ 4 தரச் சூப்பர் டீசலில் கந்தகத்தின் மேல் எல்லை ஒரு மில்லியனுக்கு 50 பங்கு, சாதாரண ஓட்டோ டீசலில் அதைவிட அதிகம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் பொருத்திய ஜீப்புக்குச் சூப்பர் டீசலே போடுங்கள். டவுனுக்குள்ளேயே ஓடினால் அந்த ஃபில்டர் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை வாழைச்சேனைப் பக்கம் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து போகும்.

படி 5: டைமிங் பெல்ட்டும் இன்ஜெக்டரும்

இதை வாசித்துவிட்டு வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் படியைச் செய்யுங்கள்.

3.0 லீற்றர் பிராடோ டீசலில் இருப்பது ரப்பர் பெல்ட். 2015க்குப் பிறகு வந்த 2.8 லீற்றர் டீசலில் சங்கிலி. 2.7 லீற்றர் பெட்ரோலிலும் சங்கிலிதான். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், எஞ்சின் தலையே நாசம். பிராடோவில் பெல்ட் மாற்றும் நேரத்தைச் சொல்ல டாஷ்போர்டில் ஒரு விளக்கு உண்டு. ஆனால் அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, கிலோமீற்றரை எண்ணித்தான் எரிகிறது. பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடலாம். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். பெல்ட்டோடு சேர்த்து அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள், கையோடு தண்ணீர்ப் பம்பையும் பாருங்கள்.

அதே எஞ்சினில் இன்னொரு கோளாறும் பேர்போனது. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த புகை உள்ளே இறங்கி ஓயிலில் கரியாகக் கலக்கும். அந்தக் கரி எண்ணெய்த் தட்டில் உள்ள வலையை அடைக்கும். வலை அடைத்தால் ஓயில் மேலே ஏறாது, பேரிங் உருகும். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது சில விநாடிகள் கடகடவென்ற சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணெய்த் தட்டைக் கழற்றி வலையைக் கண்ணால் பார்ப்பது ஒரு நாள் வேலை. என் ஜீப்பில் வலையின் கால்வாசி அடைத்திருந்தது. சுத்தம் பண்ணி, நான்கு வாஷரையும் புதிதாகப் போட்டோம். அந்த ஒரு நாளை நான் வீணென்று நினைத்ததே இல்லை.

படி 6: டயரும் நான்கு சில்லு இழுவையும்

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஆறு வருடம் தாண்டியிருந்தால் வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பத்து வருடமானதை, பூ நன்றாக இருந்தாலும், போடவே வேண்டாம். காற்றளவு சாரதிக் கதவின் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும்.

நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். பிராடோவில் நான்கு சில்லும் எப்போதும் இழுப்பதால் ஒரு டயர் மட்டும் பெரிதாக இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து தேயும். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் பொத்தானை உலர்ந்த தார் வீதியில் அழுத்தாதீர்கள். மொன்டெரோவுக்கும் இதே கவனம் வேண்டும். மாதம் ஒருமுறை மணல் தரையிலோ படுவான்கரை வயல் பாதையிலோ பூட்டி, லோ கியரிலும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பாவிக்காமலே விட்டால் உள்ளே இறுகிப்போகும்.

படி 7: உப்பும் வெள்ளமும்

கடற்காற்று கீழிருந்துதான் தின்னத் தொடங்கும். மேலே மெழுகு பூசி மினுக்குவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜீப்பைத் தூக்கி அடியை நல்ல தண்ணீரால் கழுவுவது முக்கியம். செசியின் உள்வளைவுகள், பிரேக் குழாய்கள், ஸ்பெயார் சில்லு தொங்கும் இடம், இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. ஏற்கனவே துரு பிடித்த இடத்தில் தடித்த கறுப்புப் பூச்சு அடிப்பதை நான் விரும்புவதில்லை. ஈரம் உள்ளே சிக்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊறி இறங்கும் மெழுகு வகையை அடிப்பது மேல்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வீதியில் வெள்ளம் ஏறுவது நமக்குப் புதிதில்லை. என்னுடையதைப் போன்ற 150 வகைப் பிராடோவுக்கு நிறுவனம் சொல்லும் ஆழம் 700 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு வளர்ந்தவரின் தொடை மட்டம். அது சாவகாசமாக ஓட்டிக் கடக்கும் நீருக்கு. ஓடும் வெள்ளத்தில் முழங்கால் ஆழமே வாகனத்தை இழுக்கும், அங்கே இறக்காதீர்கள். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எஞ்சின் நீரை இழுத்திருந்தால் பிஸ்டனைத் தள்ளும் ராட் வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து வெளியே எடுங்கள்.

ஆழமான நீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும், அடுத்த சில நாட்களுக்குள் டிஃபரன்ஷியல் ஓயிலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். ஒக்டோபரிலேயே டிஃபரன்ஷியலின் காற்றுக் குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவைத்தால் இந்தச் செலவு பெரும்பாலும் வராது.

படி 8: கொப்பி ஒன்று

தேதி, கிலோமீற்றர், செய்த வேலை, போட்ட ஓயிலின் பெயர், பில். இவ்வளவும் ஒரே கொப்பியில் இருக்கட்டும். இத்தனை ஓயிலையும் மாற்றியபின் முதல் 1,000 கிலோமீற்றரில் எஞ்சின் ஓயிலின் அளவையும் நிறத்தையும் பார்த்து எழுதுங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும். உள்ளே கரி நிறைய இருந்த எஞ்சினில் முதல் ஓயில் சீக்கிரமே தடித்துக் கறுக்கும், அப்படியானால் அடுத்த சேர்விஸ்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். அதற்குப் பிறகு நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வாகனம் ஓடாமல் நின்றாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுவேன்.