ரெக்கவரி பார்ட்டிஷனைப் பெரிதாக்குதல்: நிறுவ மறுக்கும் விண்டோஸ் புதுப்பிப்புக்கான தீர்வு

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்காக வெளியான கேபி5034441 என்னும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பல கணினிகளில் 0எக்ஸ்80070643 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. நிறுவல் தோல்வியுற்றது என்பதைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்வதில்லை. உண்மையான காரணம் இடப்பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை சி டிரைவில் இல்லை. கணினி தொடங்க மறுக்கும்போது உதவும் விண்டோஸ் மீட்புச் சூழல் குடியிருக்கும் சிறிய ரெக்கவரி பார்ட்டிஷனில், அதாவது வட்டின் ஒரு தனிப் பகுதியில், இருக்கிறது. அங்கே 250 எம்பி காலியாக இல்லாவிட்டால், சி டிரைவில் நூறு ஜிபி காலியாக இருந்தாலும் புதுப்பிப்பு நிறுவப்படாது. மீட்புச் சூழலின் வழியே, வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தைத் தாண்டிச் செல்ல இடம் தரும் ஓர் ஓட்டையை அடைக்கவே இது வெளியிடப்பட்டது என்பதால், மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்பவர்கள் இதைப் புறக்கணிக்கக் கூடாது. ரெக்கவரி பார்ட்டிஷனே இல்லாத கணினிக்கு மட்டும் இந்தப் புதுப்பிப்பு தேவையில்லை. 2024 ஆகஸ்டில் இதன் இடத்தில் வேறு புதுப்பிப்பு வந்துவிட்டது.

டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்து பார்ப்பவர்கள் ஒரு குழப்பத்துக்கு ஆளாவார்கள். ரெக்கவரி பார்ட்டிஷன் 100 விழுக்காடு காலியாக இருப்பதாக அது காட்டும். உள்ளே இருப்பதை அந்தக் கருவியால் படிக்க முடியாததால் வரும் தோற்றம் அது; நம்ப வேண்டாம். அங்கிருந்து இந்தப் பார்ட்டிஷனைப் பெரிதாக்கவும் வழியில்லை. ஆகவே கட்டளைச் சாளரத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே குறித்துக்கொண்டு, குறியாக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். கீழே கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' என்று கொடுங்கள். மீட்புச் சூழல் இயக்கத்தில் உள்ளதா, எந்த வட்டின் எத்தனையாவது பார்ட்டிஷனில் உள்ளது என்பவற்றை அது காட்டும். 'ஹார்டுடிஸ்க்0', 'பார்ட்டிஷன்4' என்பது போல வரும் அந்த இரண்டு எண்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிகளில் இரண்டு மூன்று ரெக்கவரி பார்ட்டிஷன்கள் இருப்பது வழக்கம். கணினி தயாரிப்பாளர் வைத்த பல ஜிபி அளவுள்ள பார்ட்டிஷனும் இருக்கலாம். பெயரையோ அளவையோ வைத்து ஊகிக்காமல், இந்த எண்களை மட்டுமே பின்பற்றுங்கள்.

அடுத்து 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்' என்று கொடுத்தால் மீட்புச் சூழல் முடக்கப்பட்டு, அதன் கோப்பான வின்ஆர்இ.விம், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற வரிசையில் அமைந்த கோப்புறைக்கு வந்து சேரும். இந்த முழு வேலையிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த இடத்தைத்தான். அது மறைக்கப்பட்ட கோப்பு என்பதால், அந்தக் கோப்புறைக்குள் சென்று 'டிர் /ஏ' என்று கொடுத்து, அது உண்மையிலேயே வந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். வராத நிலையில் பார்ட்டிஷனை அழித்துவிட்டால் மீட்புச் சூழலே கையைவிட்டுப் போய்விடும்; அதே பதிப்பின் விண்டோஸ் ஐஎஸ்ஓவில் (நிறுவல் வட்டின் நகல் கோப்பு) உள்ள இன்ஸ்டால்.விம் கோப்புக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுக்க நேரிடும்.

கோப்பு இருப்பது உறுதியானபின் 'டிஸ்க்பார்ட்' கருவியைத் தொடங்கி, 'லிஸ்ட் டிஸ்க்' என்று கொடுத்துப் பாருங்கள். ஜிபிடி, எம்பிஆர் என்பவை வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் இரு முறைகள். ஜிபிடி நெடுவரிசையில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஜிபிடி வட்டு; இல்லையென்றால் எம்பிஆர். உரிய வட்டை 'செலக்ட் டிஸ்க்' கட்டளையால் தேர்ந்தெடுத்து, 'லிஸ்ட் பார்ட்டிஷன்' மூலம் சி டிரைவின் எண்ணைக் கண்டறிந்து, 'செலக்ட் பார்ட்டிஷன்' கட்டளையால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு முன்னால் இருந்தால், மேலே செல்லும் முன் கடைசிக்கு முந்தைய பத்தியைப் படியுங்கள். பின்னர் 'ஷ்ரிங்க் டிசையர்ட்=250 மினிமம்=250' என்று கொடுத்து அதைச் சுருக்குங்கள். மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு 250. அடுத்து வரும் புதுப்பிப்புகளுக்கும் இடம் இருக்கட்டும் என்று 500 எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. சுருக்க முடியவில்லை என்று பிழை வந்தால், டிரைவின் கடைசிப் பகுதியில் நகர்த்த முடியாத கோப்புகள் இருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் புரொடக்ஷனையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இப்போது ரெக்கவரி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள். அழிப்பதற்கு முன் 'டீட்டெயில் பார்ட்டிஷன்' என்று கொடுத்து, 'டைப்' என்பதற்கு எதிரே வரும் நீண்ட அடையாளக் குறியீட்டையும், 'அட்ரிப்' என்பதற்கு எதிரே உள்ள 0எக்ஸ்8000000000000001 என்ற மதிப்பையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். புதிய பார்ட்டிஷனுக்கும் அவையே வேண்டும். மறுபடி ஒருமுறை 'லிஸ்ட் பார்ட்டிஷன்' கொடுத்து, தேர்ந்தெடுத்ததைக் காட்டும் நட்சத்திரக் குறி சரியான வரியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே 'டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' என்று கொடுக்க வேண்டும், ஏனெனில் 'ஓவர்ரைடு' என்ற சொல் பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷனையும் மறு கேள்வி இல்லாமல் அழித்துவிடும்.

ஜிபிடி வட்டில் 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி ஐடி=' என்பதோடு நகலெடுத்த குறியீட்டைச் சேர்த்துக் கொடுத்து, அடுத்து 'ஜிபிடி அட்ரிபியூட்ஸ்=' என்பதோடு அந்த மதிப்பைக் கொடுங்கள். எம்பிஆர் வட்டில் 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி ஐடி=27' என்பதே போதும். இரண்டுக்கும் பொதுவாக 'ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ்' என்று கொடுத்து ஃபார்மட் செய்து, 'எக்ஸிட்' மூலம் வெளியேறுங்கள்.

பழைய கணினிகள் சிலவற்றில் ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு முன்னால், வட்டின் தொடக்கத்தில் இருக்கும். சி டிரைவைச் சுருக்கினால் காலியிடம் அதன் பின்பக்கத்தில்தான் கிடைக்கும் என்பதால் இரண்டும் ஒன்று சேரா. அவ்வாறான நிலையில் ஏறத்தாழ 1000 எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் புதிய பார்ட்டிஷனை உருவாக்குங்கள். பழையதைத் தொட வேண்டாம்.

முடிவில் 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' கொடுத்து, 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' மூலம் மீட்புச் சூழல் புதிய பார்ட்டிஷனில் இயங்குவதை உறுதிசெய்து, விண்டோஸ் அப்டேட்டை மீண்டும் இயக்குங்கள். பிட்லாக்கரை மறுபடி இயக்கியபின், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, மீட்புத் திரை திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.